குளிர்காலக் கண் உறுத்தலுக்கு மெடிக்கலில் வாங்கும் சொட்டு மருந்து: எவ்வளவு போடலாம், எதுவரை போடலாம்?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 56 வயது, கொழுந்து பறிக்கப் போகிறார். மார்கழி, தை வந்தால் இரண்டு கண்ணிலும் மண் விழுந்தது போல உறுத்தல், தண்ணீராகக் கொட்டுகிறது. மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்து போட்டால் நன்றாக இருக்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. தினமும் போடலாமா, கண் இதற்குப் பழகிவிடுமா? வீட்டில் எல்லோரும் ஒரே புட்டியைப் போடலாமா?" கேட்டது மூன்று என்றாலும் அடியில் இருப்பது ஒரே கவலை: மலையிறங்கி ஒரு கண் மருத்துவரைப் பார்க்காமல் இந்தப் புட்டியை எதுவரை நம்பலாம்? புட்டியில் இருப்பது வெறும் ஈரப்பதச் சொட்டு மருந்துதான் என்றால் பல வாரங்கள்கூடப் போடலாம், கண் அதற்கு அடிமையாகாது. அந்த "என்றால்" மிக முக்கியம். ஒரே புட்டியைப் பலர் போடக் கூடாது. மற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, புட்டியை வெளிச்சத்தில் பிடித்து லேபிளைப் படிப்பது. கண் சொட்டு மருந்துகள் எல்லாமே ஒரே மாதிரிச் சிறிய பிளாஸ்டிக் புட்டியில்தான் வருகின்றன. காதுக்குப் போடும் மருந்தும் அதே உருவம்தான், அதனால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஈரப்பதச் சொட்டு மருந்தில் இருக்கும் சரக்கு சிலவே: கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 அல்லது 1 சதவீதம், ஹைப்ரோமெலோஸ் 0.3 சதவீதம், சோடியம் ஹையலுரோனேட் 0.1 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல், பாலிஎத்திலீன் கிளைக்காலும் புரோபிலீன் கிளைக்காலும் கலந்தது, பாலிவினைல் ஆல்கஹால் 1.4 சதவீதம். இவை எதுவும் நோயைக் குணமாக்கும் மருந்தல்ல. கண்ணின் மேல் உள்ள கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடையாமல் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே. நிறுத்தினால் உறுத்தல் திரும்புவது இதனால்தான். காரணம் அப்படியே இருக்கிறது, பூச்சு மட்டும் போய்விடுகிறது. அதைப் பழக்கம் என்று சொல்ல முடியாது.

உண்மையில் பழகிப்போகும் சரக்கு வேறு. சிவந்த கண்ணை வெளுக்க வைப்பதற்கென்று நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் போன்றவை கலந்த சொட்டு மருந்துகள் இருக்கின்றன. அவை கண்ணின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. இரண்டு நாள் கண் வெள்ளையாகத் தெரியும். தொடர்ந்து போட்டு நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும், அதற்காக மீண்டும் போடத் தோன்றும். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் ஒரு வகைக்கு உடற்கூறாலேயே இடம் கொடுக்கும் கண்களில், அந்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றவும் கூடும். இதைவிட ஆபத்தானது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளோரோமெத்தலோன் என்ற பெயர்களில் ஒன்று லேபிளில் இருந்தால், மருத்துவர் எழுதித் தராத வரை அதை நிறுத்தி வையுங்கள். மருத்துவர் எழுதியதாக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே கேளுங்கள். இந்த மருந்து எந்த உறுத்தலையும் ஒரே நாளில் அடக்கிவிடும், அதனால்தான் கைராசியான மருந்து என்று பெயர் வாங்கிவிடுகிறது. வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறும், புரை வரும். கருவிழியில் பூஞ்சைத் தொற்றோ அக்கி வைரஸோ இருந்தால் அது தீயாகப் பரவும். லேபிளின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அதைக் கவனியுங்கள், சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டிய மருந்துக்கான அடையாளம் அது. படிக்கச் சிரமமாக இருந்தால் மெடிக்கலில் இருப்பவரிடம் "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

தண்ணீர் கொட்டும் கண்ணை வறண்ட கண் என்றால் பலர் நம்புவதில்லை. கண்ணீர்ப் படலம் அடிக்கடி உடைந்து கருவிழியின் மேற்பரப்பு காய்ந்தால், அந்த எரிச்சலுக்குப் பதிலாகக் கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாகத் தண்ணீரை விடுகிறது. அந்தத் தண்ணீரில் எண்ணெய்ப் பசையும் கோழைத்தன்மையும் போதாததால் அது நிற்காமல் கன்னத்தில் வழிகிறது. கண் மறுபடி காய்கிறது. மலையில் இது கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. உறைபனி விழும் மாதங்களில் காற்றில் ஈரம் மிகக் குறைவு, குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது. அந்தக் காற்றையே அறைக்குள் ஹீட்டரோ கணப்போ வைத்துச் சூடாக்கினால் இன்னும் வறளும். விறகு அடுப்புப் புகை ஒரு பக்கம். உயரம் ஏற ஏற, 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். குளிர்கிறதே என்று வெயிலை நாம் கணக்கில் எடுப்பதில்லை, கண் எடுத்துக்கொள்கிறது. பல ஆண்டுகள் வெளியில் வேலை செய்பவர்களுக்கு வெள்ளை விழியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு, அந்தச் சதையும் உறுத்தும். கண்ணாடி இறக்காத ஹெல்மெட்டோடு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது இன்னொன்று. (பேச்சு வந்ததால் சொல்கிறேன்: கதவு, சன்னல் சாத்திய அறையில் கரிக் கணப்பு வைத்துத் தூங்குவது கண்ணை விடுங்கள், உயிரையே எடுக்கும்.)

இனி அளவு. தேவைப்படும்போது கண்ணுக்கு ஒரு சொட்டு, நாளைக்கு மூன்று நான்கு முறை என்பது பெரும்பாலானோருக்குப் போதும். ஒரு சொட்டுக்கு மேல் போடுவது வீண். கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர், சிமிட்டாமல் இருந்தால் கண் தாங்கக்கூடியது ஏறக்குறைய 30. ஒரு சொட்டே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிக்கொண்டு கன்னத்துக்குப் போய்விடும். நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் பொருளைப் பார்க்க வேண்டும். கிருமி வளராமலிருக்கப் பல புட்டிகளில் பென்சால்கோனியம் குளோரைடு சேர்க்கிறார்கள். எப்போதாவது போட்டால் தொந்தரவில்லை. நாளெல்லாம், மாதக்கணக்கில் போட்டால் கருவிழியின் மேல்தோலையே அரிக்கும். உறுத்தலுக்குப் போட்ட மருந்தே உறுத்தலைக் கூட்டும், அது தெரியாமல் இன்னும் அதிகமாகப் போடுவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்றாகக் கிள்ளிப் போடும் சிறு பிளாஸ்டிக் குப்பிகள் நல்லது. அல்லது பதப்பொருள் இல்லாமலே கிருமி உள்ளே போகாதபடி செய்த தனி வகைப் புட்டி. விலை கூடத்தான் செய்யும். பதப்பொருள் உள்ளதிலும் ஸ்டெபிலைஸ்டு ஆக்ஸிகுளோரோ காம்ப்ளெக்ஸ் என்று எழுதியிருப்பது பென்சால்கோனியத்தைவிட மென்மையானது. நாள் கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நல்ல நடுவழி என்பது என் கணிப்பு.

புதுப் புட்டியைத் திறப்பதிலேயே பாதித் தப்பு நடக்கிறது. பல புட்டிகளின் மூடிக்குள் ஒரு சிறு முள் இருக்கும். பாதுகாப்பு வளையத்தைக் கழற்றிவிட்டு மூடியை வலப்பக்கமாக இறுகத் திருகினால் அந்த முள்ளே சரியான அளவில் துளை போடும், பிறகு இடப்பக்கம் திருகித் திறக்கலாம். சேஃப்டி பின், ஊசி, பிளேடு எதையும் கொண்டு துளைக்காதீர்கள். துளை பெரிதானால் சொட்டு பெரிதாகும், மருந்து சீக்கிரம் தீரும், ஊசியில் இருந்த கிருமி உள்ளே போகும்.

போடும் முறை இதுதான். சோப்புப் போட்டுக் கைகழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை ஒரு விரலால் மெல்லக் கீழே இழுத்தால் சிறு பள்ளம் தெரியும். கண்ணை மேலே பார்க்க வைத்து, புட்டியை ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். கருவிழி மேல் நேராக விட்டால் கண் சுருங்கி மருந்து வெளியே வந்துவிடும். பிறகு ஒரு நிமிடம் மெல்ல மூடியிருக்கட்டும். அழுத்திச் சிமிட்டவோ கசக்கவோ வேண்டாம். நுனி இமையிலோ முடியிலோ விரலிலோ படக் கூடாது. பட்டால் துணியால் துடைத்து மீட்டெடுக்க முடியாது, துடைக்கும் துணியே அழுக்கு. கை நடுங்கும் பெரியவர்களுக்கு இன்னொரு வழி: மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணைத் திறக்கச் சொன்னால் மருந்து தானாக உள்ளே இறங்கும். முன்னதாக முகத்தைக் கழுவியிருக்க வேண்டும். காலைக் குளிரில் மருந்து சுருக்கென்று இருந்தால் மூடிய புட்டியைக் கைக்குள் ஓரிரு நிமிடம் வைத்திருந்தால் போதும். வெந்நீரில் போடுவதோ அடுப்போரம் வைப்பதோ வேண்டாம்.

திறந்த நாளை லேபிளில் பேனாவால் எழுதிவிடுங்கள். சாதாரணப் புட்டி திறந்து ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டும். அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காத புட்டிக்கானது. தனி வகைப் புட்டிகள் சிலவற்றுக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று போட்டிருக்கும், அங்கே லேபிள் சொல்வதே சரி. ஒரு கணக்குப் பாருங்கள். 10 மில்லிப் புட்டியில் சுமார் 200 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் நான்கு வேளை போட்டால் நாளைக்கு 8, ஏறக்குறைய 25 நாளில் தீரும். அதே புட்டி மூன்று மாதமாக ஓடுகிறதென்றால் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடுங்கள். ஒருவேளைக் குப்பியைத் திறந்ததும் போட்டுவிட்டு எறிய வேண்டும், மாலைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது. திருப்பி மூட இடம் தரும் சில வகைகளுக்கு எத்தனை மணி நேரம் என்று உறையிலேயே இருக்கும். ஒரே புட்டியை வீட்டில் எல்லோரும் போடுவதில் உள்ள ஆபத்தும் இந்த நுனியில்தான் இருக்கிறது. ஒருவருக்கு மெட்ராஸ் ஐ வந்தால் அந்த வீடு முழுக்கச் சுற்றிவிடும். பதப்பொருள் உள்ள புட்டிகூட அதை முழுதாகத் தடுக்காது.

சுத்தம் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022-23-இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு தொடர்புடைய, மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாத் தொற்று 18 மாநிலங்களில் 81 பேருக்கு வந்தது. 4 பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. திரும்பப் பெறப்பட்ட அந்த மருந்து தமிழ்நாட்டில் தயாராகி ஏற்றுமதியானது. பலமுறை திறந்து மூடும் புட்டி, பதப்பொருளோ கிடையாது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே போகும் கிருமியைத் தடுக்க ஒன்றுமில்லை. ஆகவே பதப்பொருள் வேண்டாமென்றால் ஒருவேளைக் குப்பி அல்லது கிருமித் தடுப்பு அமைப்புள்ள புட்டி, வேறு வேண்டாம்.

மலைக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒரு முறை திறந்து மூடிய புட்டியை மேலே கொண்டுவந்து திறந்தால் மருந்து தானாகப் பொங்கிச் சொட்டும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது, மருந்து கெட்டுவிடவில்லை. புட்டியை நிமிர்த்திப் பிடித்து ஒரு முறை திறந்து மூடினால் சரியாகிவிடும். உறைபனி இரவில் வண்டிக்குள் விட்டுவைத்து உறைந்துபோன புட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.

வேறு சொட்டு மருந்தும் போடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஐந்து நிமிடம் விட வேண்டும். சிகிச்சை மருந்து முதலில், ஈரப்பதச் சொட்டு பிறகு, களிம்பு இருந்தால் கடைசியில். களிம்பு பார்வையை மங்கவைக்கும், படுக்கும்போது மட்டும் போடலாம். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் பென்சால்கோனியம் உள்ள மருந்தை லென்ஸ் மேல் விடக் கூடாது. கழற்றிவிட்டுப் போட்டு, 15 நிமிடம் கழித்து அணியலாம். புரை அறுவைச் சிகிச்சை முடிந்த கண்ணில் மருத்துவர் எழுதாத எதையும் சேர்க்காதீர்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. இனி வருபவை அவ்வளவு உறுதியானவை அல்ல. எந்தச் சரக்கு மற்றதைவிட மேல் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் பல ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டு 2016-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. எனவே விலை உயர்ந்ததுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஒன்றை இரண்டு வாரம் போட்டுப் பார்த்து, ஒத்துவரவில்லையென்றால் வேறு சரக்குக்கு மாறலாம். மீன் எண்ணெய் மாத்திரை பலரும் பரிந்துரைப்பது; ஆனால் 2018-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் ஐந்து முதல் பத்து நிமிடம் கொடுப்பது, இமை ஓர எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்தவர்களுக்குப் பலன் தரும். மற்றவர்களுக்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். செல்போன் பார்க்கும்போது நாம் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைகிறது, அதனால் நடுநடுவே தூரத்துப் பொருளைப் பார்த்து முழுதாகச் சிமிட்டச் சொல்வதில் நஷ்டமில்லை.

வீட்டு வைத்தியத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தாய்ப்பால், தேன், பன்னீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கிருமி நீக்கியதல்ல. மூடிய இமை மேல் பூவை வைத்துக் குளிர்ச்சி கொள்வது வேறு, சாற்றைக் கண்ணுக்குள் விடுவது வேறு. நீலகிரித் தைலம் தடவிய கையோடு கண்ணைத் தொடாதீர்கள். தைலமோ, வெற்றிலைச் சுண்ணாம்போ, தோட்டத்துப் பூச்சி மருந்தோ கண்ணில் பட்டால் சொட்டு மருந்தைத் தேடாமல் குழாய்த் தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டுக் கழுவிவிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பாக இருந்தால் இமைக்குள் ஒட்டிய துகளையும் கழுவியெடுக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு ஆபத்து செடியிலேயே இருக்கிறது. கவாத்து வெட்டும்போது குச்சி குத்தினாலோ, இலை கண்ணில் அடித்தாலோ, மரத்தூள் விழுந்து கீறினாலோ பூஞ்சைக் கிருமி கருவிழிக்குள் இறங்கலாம். தமிழ்நாட்டில் கருவிழிப் புண்ணுக்கு இது பெரிய காரணம். முதலிரண்டு நாள் சாதாரண உறுத்தல் போலவே இருக்கும். சொட்டு மருந்து போட்டுச் சமாளிப்பார்கள். பிறகு கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும்போது காலம் கடந்திருக்கும். செடியால் அடிபட்ட கண்ணை அன்றோ மறுநாளோ காட்டிவிட வேண்டும். அதேபோல் கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், சீழ், ஒரு கண் மட்டும் சிவத்தல், லென்ஸ் அணிபவருக்குச் சிவத்தல், விளக்கைச் சுற்றி வண்ண வளையத்தோடு தலைவலியும் வாந்தியும் — இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு மலைப்பாதை, மழை என்று மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். பச்சிளம் குழந்தையின் கண்ணுக்குக் கடை மருந்து எதையும் நீங்களாகப் போடக் கூடாது.

உங்கள் அம்மாவின் கண்ணைப் பார்க்காமல் அது வறட்சிதான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கருவிழிக்குச் சாயம் ஊற்றி விளக்குக் கருவியில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, குளிர்காலத்தில் மட்டும், வலியும் மங்கலும் இல்லாமல் வருகிறதென்றால் வறட்சிக்குத்தான் வாய்ப்பு அதிகம். லேபிளைப் பார்த்துவிட்டு, அது ஈரப்பதச் சொட்டுதான் என்றால் நாளைக்கு நான்கு முறை இரண்டு வாரம் போடட்டும். வேலைக்குப் போகும்போது பக்கவாட்டை மறைக்கும் கண்ணாடி அணியட்டும், அடுப்பங்கரைப் புகை போக வழி செய்யுங்கள். சளி, அலர்ஜிக்கென்று செட்ரிசின் போன்ற மாத்திரை தினமும் எடுக்கிறாரா என்று பாருங்கள், அவை கண்ணை வறட்டும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, வாயும் சேர்ந்து வறண்டாலோ, விரல் மூட்டுகளில் வலி இருந்தாலோ, சர்க்கரையோ தைராய்டோ இருந்தாலோ ஒரு கண் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். போகும்போது இப்போது போடும் புட்டியையும் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை எத்தனை நாள் போட்டார் என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும், ஸ்டீராய்டு கலந்த மருந்து ஏதாவது இருந்தால் கண் அழுத்தத்தையும் அன்றே அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.